சேஸி எண்ணின் மேல் பூசிய பட்டி

என் மனைவியின் தம்பி தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பழைய டீசல் அம்பாசடர் வாங்கி வாடகைக்கு ஓட்டத் தொடங்கினான். வாங்கிய முதல் வருடமே அதற்கு எஃப்.சி. காட்டும் நாள் வந்தது. வாடகை வண்டிகளுக்கு வருடத்துக்கு ஒரு முறை அது உண்டு. பிரேக் இன்ஸ்பெக்டர் என்று எல்லோரும் சொல்லும் அதிகாரி வண்டியைப் பார்த்து, இன்னும் ஒரு வருடம் சாலையில் ஓடலாம் என்று கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த வருடம் அந்தக் கையெழுத்துக்கு ஒரு கெடுவும் சேர்ந்திருந்தது. மறைமலை நகரில் ஒரு கம்பெனி, ஊழியர்களை ஏற்றி இறக்க மாத வாடகைக்குக் கார் தேடிக்கொண்டிருந்தது. மைத்துனனின் வண்டியையும் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள எஃப்.சி. ஜெராக்ஸ் கையில இருக்கணும்னு சொல்லிட்டாங்க மாமா. இல்லன்னா லிஸ்ட்ல அடுத்த வண்டிய எடுத்துப்பாங்களாம்" என்றான். ஏழு மாதமாக ஸ்டேஷன் வாசலில் சவாரிக்காகக் காத்துக் கிடந்தவன் அவன். இரண்டாவது குழந்தை பிறந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது.

இன்ஸ்பெக்டர் வண்டி பார்ப்பது வெள்ளிக்கிழமை காலையில். நான் அலுவலகத்தில் நான்கு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் எதையும் விட்டுவிடாமல் பார்க்கத் தெரியும் என்ற நம்பிக்கை இருந்தது. திங்கள் மாலை உட்கார்ந்து நாற்பத்தொரு இனங்கள் கொண்ட பட்டியல் ஒன்று தயாரித்தேன். ஹெட்லைட் இரண்டு, டிம், பிரைட் என்று தொடங்கி, முதலுதவிப் பெட்டி, அதற்குள் டிங்சர் என்று முடிந்தது.

மெக்கானிக்கின் ஷெட் பல்லாவரத்திலிருந்து திருநீர்மலை போகும் சாலையில் இருந்தது. நான்கு தகரம், ஒரு வேப்பமரம், தரையில் ஒரு பள்ளம், அவ்வளவுதான். மெக்கானிக்குக் கிட்டத்தட்ட என் வயது. மெலிந்த, உயரமான மனிதர். பட்டியலை வாங்கி, படிக்காமலே இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார், கல்யாண சீர்வரிசையா?"

"எஃப்.சி.க்குப் பார்க்க வேண்டியது எல்லாம் இருக்கு."

"இர்க்கட்டும், இர்க்கட்டும். அங்க ஆணில மாட்டுங்க. நான் ஒண்ணொண்ணா முடிக்க முடிக்க நீங்க டிக் போட்டுக்கினே வாங்க."

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அடுத்த மூன்று நாளும் ஒவ்வொரு வேலை முடிந்ததும் பள்ளத்துக்குள்ளிருந்து குரல் கொடுத்தார். "சார், பதினாறு போடுங்க." படிக்காத பட்டியலின் எண்கள் எப்படி அவருக்குத் தெரிந்தன என்பது இன்றுவரை எனக்கு வியப்புதான். நான் டீ குடிக்கப் போன நேரத்தில் வாசித்திருக்க வேண்டும்.

அவர் வேலை செய்த விதத்தை நான் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டுப் பார்த்தேன். ஒரு போல்ட்டைக் கழற்றினால் அதை எந்த இடத்திலிருந்து எடுத்தாரோ அதே வரிசையில் ஒரு பழைய தினசரியின் மேல் அடுக்கினார். நான்கு சக்கரங்களின் பிரேக் ஷூவையும் பிரித்து, லைனிங்கைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். இரண்டு ஷூக்களைத் தூக்கி எறிந்தார். என் கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகவே தெரிந்தன.

"டயர் மாத்தித் தருவாரா?" என்று மைத்துனன் என்னிடம் மெதுவாகக் கேட்டான். எஃப்.சி. அன்றைக்கு மட்டும் தெரிந்தவர்களிடம் நல்ல டயர் நான்கு வாங்கிப் போட்டு, காட்டி முடித்த கையோடு கழற்றித் திருப்பிக் கொடுப்பது அப்போது சாதாரண வழக்கம். அது மெக்கானிக்கின் காதில் விழுந்துவிட்டது.

"மாப்பிள்ளைக்கு வாடகைக் கோட்டு மாட்டுறா மாதிரி நம்மகிட்ட கெடயாது தம்பி. கல்யாணம் முடிஞ்சி குடித்தனம் பண்ணப் போறது யாரு, நீதான. பின்னாடி ரெண்டு டயரும் இன்னும் ஒரு வருஷம் தாங்கும். முன்னாடி ரெண்டும் புச்சா வாங்கிக்கினு வந்துடு."

புதிதாகவே வாங்கினான்.

வியாழக்கிழமை மதியம், வண்டியைச் சாலையின் ஆளில்லாத பகுதிக்கு ஓட்டிப் போய், வேகம் எடுத்து, ஒரே மிதியாக மிதித்து நிறுத்தினார். இறங்கி வந்து தார் ரோட்டில் விழுந்த டயர் கோடுகளைப் பார்த்தார். நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் பிடித்தால் கோடுகள் ஒரே நீளத்தில் விழும். இடது பின்கோடு குறைவாக இருப்பதாகச் சொன்னார். நான் பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தேன். இரண்டு அங்குலம் குறைவு. கண்ணால் பார்த்துச் சொன்னது சரியாக இருந்தது.

"சார் தையல் கடை வச்சிருக்கலாம்" என்றார் மைத்துனனிடம். "ஜாக்கெட் எல்லாம் கரெக்டா வரும்."

பிரேக்கைத் திருகித் திரும்பவும் மிதித்தார். திரும்பவும் அளந்தேன். ஐந்தாவது தடவை நான்கு கோடும் சமமாக விழுந்தன. நான்காவது தடவையே போதும் என்றுதான் நான் நினைத்தேன். அவர் நினைக்கவில்லை.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

அன்று மாலை அவர் சைலன்சர் வேலைக்காகப் பள்ளத்தில் இறங்கியிருந்தார். பெயின்டர் பானெட்டுக்குள் அடிக்கக் கறுப்புப் பெயின்டும், கொஞ்சம் பட்டியும் வைத்துவிட்டுப் போயிருந்தார். பள்ளம் மேடுகளைச் சமன்செய்யக் காரின் உடம்பில் பூசும் மாவு போன்ற பசைதான் பட்டி. சும்மா இருப்பானேன் என்று நான் பானெட்டைத் திறந்து உள்ளே துடைக்க ஆரம்பித்தேன். வலது பக்கம் இரும்புச் சட்டத்தில் பழைய கிரீஸ் அட்டையாக ஒட்டியிருந்தது. அதை வழித்ததும் ஒரு சாண் நீளத்துக்குச் சொரசொரவென்று சிறு குழிகள் தெரிந்தன. துரு அரித்த இடம் என்று முடிவு செய்தேன். பட்டி வைத்து அடைத்தேன். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு கோட்டிங் கறுப்பு அடித்தேன். விரலை ஓட்டிப் பார்த்தால் கண்ணாடி போல வழுக்கியது. அந்தச் சட்டத்தைப் பார்த்து நான் பெருமைப்பட்டதை மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு, இன்ஸ்பெக்டர் வண்டி பார்க்கும் மைதானத்தில் எங்களுக்கு முன்னால் பதினொரு வண்டிகள் நின்றன. மெக்கானிக்கும் எங்களோடு வந்திருந்தார். எங்கள் முறை வந்தபோது மணி பதினொன்று பத்து. இன்ஸ்பெக்டர் விளக்குகளைப் பார்த்தார், ஹாரனை அழுத்தினார், ஸ்டீரிங்கை ஆட்டினார். பிறகு ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு பானெட்டுக்குள் குனிந்தார். சட்டத்தில் குத்தியிருக்கும் சேஸி எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுப்பது அவர்கள் வழக்கம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள வண்டிதான் இது என்பதற்கு அதுதான் சாட்சி.

என் பட்டியலிலும் சேஸி எண் இருந்தது. அதை நான் தனியாக ஒட்டியிருந்த தகட்டில் பார்த்து, புத்தகத்தோடு சரிபார்த்து, டிக் போட்டிருந்தேன். இரும்பிலேயே குத்தியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "நம்பர் எங்கப்பா?"

மைத்துனன் குனிந்து பார்த்தான். மெக்கானிக் குனிந்து பார்த்தார். சட்டம் வழவழவென்று மின்னியது.

"திருட்டு வண்டியிலதான் இப்படி நம்பர் மேல பட்டி போட்டு மூடுவான். யாரு பண்ணது இத?" இன்ஸ்பெக்டர் குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

"நான்தான் சார்" என்றேன்.

"நீங்க யாரு? பெயின்டரா?"

"இல்ல சார். ஆபீஸ்ல வேலை. இவன் அக்கா வீட்டுக்காரன். குழி குழியா இருந்தது, அடைச்சேன்."

பின்னால் நின்ற வேன் டிரைவர் சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. என் சட்டைப் பையில் இருந்த இரண்டு பேனாக்களையும் கையில் இருந்த பட்டியலையும் சற்று நேரம் பார்த்தார்.

"பன்னெண்டரைக்கு நான் கெளம்பிடுவேன். அதுக்குள்ள நம்பர் தெரியணும். உளி, சுரண்டி எதுவும் படக் கூடாது. நம்பர் மேல ஒரு புதுக் கீறல் இருந்தாலும் நான் எழுத மாட்டேன். வேற மாதிரி எழுத வேண்டி வரும்."

வண்டியைப் புளியமரத்தடிக்குத் தள்ளினோம். மெக்கானிக் மைத்துனனை மட்டும் பார்த்து, "பெயின்ட் கடைக்கு ஓடு. தின்னர் ஒரு பாட்டில்" என்றார். நான் பதற்றத்தில் கைக்குட்டையை எடுத்துச் சட்டத்தைத் தேய்க்கப் போனேன்.

"சார், நீங்க கை வெக்காதீங்க."

தின்னர் வந்தது. பனியன் வேஸ்ட் துணியை அதில் நனைத்து, சட்டத்தின் மேல் காய்ச்சல்காரன் நெற்றியில் ஈரத்துணி போடுவது போலப் போட்டார். போட்டுவிட்டு மரத்தில் சாய்ந்து நின்றுகொண்டார். நான் மரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். ஐந்து நிமிடம் கழித்து எடுத்தார். கறுப்பு கரைந்து வந்தது, பட்டி அசையவில்லை. வேறு துணி நனைத்துப் போட்டார். மறுபடி காத்திருந்தார். மைத்துனன் தாங்க முடியாமல், "தேய்ச்சா சீக்கிரம் வருமேண்ணா" என்றான்.

"தேச்சா பட்டி மட்டுமா வரும்? நம்பரும் பேஜாராயிடும். அதுவா எறங்கி வரட்டும்."

நான்காவது துணியில் பட்டி களிபோல இளகியது. அருகில் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் போய், துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி நான்கு கேட்டு வாங்கி வந்தார். ஈர்க்கு இரும்பைக் கீறாது. அதன் நுனியால் ஒவ்வொரு குழியிலிருந்தும் பட்டியை அள்ளி எடுத்தார். பல்லிடுக்கில் சிக்கியதை எடுப்பது போல அவ்வளவு மெதுவாக. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சார், ஆர்.சி. புக்கை எடுங்க. நான் ஒவ்வொண்ணா படிக்கிறேன். நீங்க சரியா கீதான்னு சொல்லுங்க. தப்பா படிச்சா நிறுத்துங்க."

என் கைகளுக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குச் செய்யத் தெரிந்த வேலையாகவும் அது இருந்தது. அவர் படித்தார், நான் சரி சரி என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசி எண்ணில் நிறுத்தினார்.

"மூணா, எட்டா?"

புத்தகத்தில் எட்டு. வாய் வரை வந்தது.

"சொல்லாதீங்க" என்றார். "சொன்னா எட்டாத்தான் தெரியும்." இன்னொரு துணி போட்டார். மணி பன்னிரண்டு பதினெட்டு. துணியை எடுத்து, புது ஈர்க்கால் இரண்டு தடவை இடது பக்கம் வழித்தார். "எட்டு."

இன்ஸ்பெக்டர் வந்து டார்ச் அடித்து நெருங்கிப் பார்த்தார். நகத்தால் தடவினார். காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். எண்கள் ஒவ்வொன்றாக வெள்ளையாக எழுந்து வந்தன. பிறகு தானே வண்டியில் ஏறி, மைதானத்தின் கோடி வரை ஓட்டி, மிதித்து நிறுத்தினார். இறங்கிக் கோடுகளைப் பார்த்தார். மெக்கானிக்கைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். மரத்தடி நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்.

மைத்துனன் வண்டியை எடுத்துக்கொண்டு நேராக மறைமலை நகருக்குப் போனான். எங்களையும் ஏறச் சொன்னான். "நேரத்த போக்காத, போ" என்று மெக்கானிக் அவனை விரட்டினார். நாங்கள் இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். அவர் விரல்கள் தின்னரில் வெளுத்து, தோல் உரிந்திருந்தன. மன்னிப்புக் கேட்கலாம் என்று நான் வாக்கியத்தை அமைத்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணு சொல்லணும் சார்" என்றார் அவரே. "பட்டி சூப்பரா போட்டிருந்தீங்க. எங்க பெயின்டர் போட்டிருந்தா ஒரே துணில வந்திருக்கும்."

மைத்துனன் ஆறரை மணிக்குக் கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று என் மனைவியிடம் சொன்னான்.

"திங்கக்கிழமை காலைல அஞ்சரைக்கு வண்டி வேணுமாம்க்கா. மொதல் ஆள் காட்டாங்குளத்தூர்ல ஏறுறாரு."

அவள் உள்ளே போய் அவனுக்கும் சேர்த்து அரிசி களைந்தாள்.