கடுகு டப்பாக் குவியல்

அவளுடைய வலது கை நாற்காலித் தோலுறையை இழுத்துப் பிடிக்க, இடது கை ஊசியைக் குத்தி வாங்கியது. நாற்காலியின் முதுகு முழுக்கக் கைத்தையல். மெஷின் இருந்தால் டீ ஆறுவதற்குள் முடிந்திருக்கும். மெஷினோ அக்கா புருஷனின் கிடங்கில் சாக்குப் போர்த்திக் கிடந்தது.

அது அப்பாவுடையது, தோலும் ரெக்சினும் தைக்கிற கனத்த ரகம். அப்பா போனதும், "எங்க பங்கு" என்று அத்தான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவருக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது. விலைக்குக் கேட்டபோது, "யாருக்கு வேணாலும் தருவேன், உனக்கில்ல" என்று சிரித்தார். இப்போது அவள் தைப்பதும் அவருடைய நாற்காலிதான். சீட்டறையில் அவர் உட்காருவது.

அங்கே சனிக்கிழமை மாலைகளில் போக்கர் நடக்கும். ஆளுக்கு இரண்டு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. அவளும் போவாள், காசுக்குப் பதிலாக அறையில் விற்கும் சில்லுகளில் மிகக் குறைந்த அளவோடு. அத்தான் முன்னால் சில்லுக் கோபுரம் நிற்கும்.

"வந்துட்டா கொழுந்தியா, கடுகு டப்பாவத் தூக்கிக்கிட்டு. சின்னக் குவியலுக்கு ரெண்டே வழிதான். மொத்தத்தையும் தள்ளு, இல்ல சீட்ட மடக்கி விலகு. யோசிக்கிற வேலை மிச்சம்."

கேலிதான், ஆனால் உண்மை. சில்லு குறைவென்றால் ஒரு பெரிய ஜோடி போதும், மொத்தத்தையும் தள்ளிவிடலாம்; தோற்றாலும் கொஞ்சம்தான் போகும். நாலு, ஐந்து போன்ற சின்ன ஜோடிக்கு அங்கே மதிப்பில்லை. அதே எண்ணில் மூன்றாவது சீட்டு சேர்ந்தால் எந்த ஜோடியையும் அடிக்கலாம், ஆனால் அது அபூர்வமாகத்தான் விழும். விழுந்தாலும் கடுகு டப்பாவால் எவ்வளவு வாங்கிவிட முடியும்? அவள் சின்ன ஜோடிகளை மடக்கினாள், பெரியவற்றைத் தள்ளினாள். அத்தான் பார்த்துப் பார்த்துப் பழகினார். பழகட்டும் என்றுதான் அவள் மாதக்கணக்கில் காத்திருந்தாள்.

மேசையில் இருக்கும் பெரிய குவியல் அளவுக்கு யாரும் சில்லு வாங்கலாம் என்பது அறையின் வழக்கம். கடன் கிடையாது. முன்னால் சில்லு காலியானவர் எழுந்துவிட வேண்டும்.

நாற்காலி அவளிடம் இருந்த அந்தச் சனிக்கிழமை, பிளாஸ்டிக் நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்த அத்தானுக்குச் சமமாக அவள் சில்லு வாங்கினாள்.

"லாட்டரியா?"

"லாட்ஜுக்கு சோபா தச்சேன் அத்தான். அத்தனையும் கையால."

இரண்டு நாலுகள் வந்தன. அத்தான் பந்தயத்தை ஏற்றினார். அவள் மடக்கவில்லை, இவ்வளவு பெரிய குவியலில் அதற்கு ஈடு கொடுப்பது சின்னச் செலவு. மேசையில் ராஜா, ஒன்பது, நாலு விழுந்தன. அத்தான் கட்டக் கட்ட அவள் ஈடு மட்டும் கொடுத்தாள். கடைசிச் சீட்டு திரும்பியதும் மொத்தத்தையும் தள்ளினாள்.

"ராஜா ஜோடிக்கு இந்தத் துள்ளலா?" அத்தான் யோசிக்காமல் தன் கோபுரத்தைத் தள்ளி இரண்டு ஏஸ்களை விரித்தார்.

அவள் நாலுகளைத் திருப்பி வைத்தாள். மேசையில் கிடந்ததோடு மூன்று நாலு.

"கடன் இல்ல, தெரியுமில்ல?" என்றார் அறைக்காரர். எல்லோர் முன்னாலும் எழுந்து போக அத்தானுக்கு மனமில்லை.

"அந்த மெஷின எடுத்துக்க. காசு குடு."

"எவ்வளவுக்கு அத்தான்? கடுகு டப்பாவுக்குத்தான் எங்கிட்ட இருக்கு."

மேசை சிரித்தது. அவர் அந்தச் சின்னக் குவியலை வாங்கிக்கொண்டு, கிடங்கைத் திறந்துவிடச் சொல்லி அக்காவுக்குப் போன் செய்தார். அவள் சில்லுகளை வாரினாள்.

"ஜெயிச்சதும் எந்திரிக்கிறியா? உக்காரு."

"மெஷின ஏத்தணும். உங்களுக்கென்ன அத்தான், ரெண்டே வழிதான். யோசிக்கிற வேலை மிச்சம்."

இருக்கைப் பகுதியை மெஷினில் தைத்தாள். மறுவாரம் அத்தான் வந்து, நாற்காலியைத் தடவிப் பார்த்தார்.

"முதுகு ஒரு தையல், அடி ஒரு தையலா இருக்கே. வித்தியாசம் தெரியுது."

"தெரியட்டும்னுதான் முதுகுல கைத்தையலப் பிரிக்காம விட்டேன்," என்று சொல்லி, நாற்காலியை அவர் பக்கம் உருட்டிவிட்டாள்.