வலியில் முதலிடம்

நியூ ஜெர்சியில் இருக்கும் பார்சிப்பனிக்கு வந்த புதிதில் ஒருநாள், வாங்கிய சாமான்களைக் காரில் ஏற்றிவிட்டு, கடையின் தள்ளுவண்டியைத் திரும்பக் கொண்டுபோய் விட்டேன். வண்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த பெண் சிரித்தபடி "யூ ஆர் தி பெஸ்ட்" என்றாள். வீடு வந்து சேரும்வரை எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்த வாரம் எனக்கு முன்னால் ஒரு பெரியவர் வண்டியைக் கொண்டுபோய் விட்டார். அவரும் தி பெஸ்ட். அவருக்குப் பின்னால் வந்த அம்மாளும் தி பெஸ்ட். ஒரே வண்டி நிறுத்தத்தில் எத்தனை பேர் முதலிடத்தில் நிற்க முடியும் என்று இந்த ஊரில் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

எனக்கு அது உறுத்தியதற்குக் காரணம் உண்டு. கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தவள் நான். பிக், பிக்கர், பிக்கெஸ்ட் என்று வகுப்பே ராகம் போட்டுச் சொல்லும். சின்ன வார்த்தை என்றால் வாலில் 'எஸ்ட்', நீளமான வார்த்தை என்றால் தலையில் 'மோஸ்ட்', 'குட்', 'பேட்' இரண்டு மட்டும் சொன்ன பேச்சுக் கேட்காத பிள்ளைகள். இதையெல்லாம் மனப்பாடம் செய்துவிடலாம். நான் அடித்துச் சொன்னது வேறு: மற்ற எல்லாவற்றையும் மனதில் வரிசையாக நிறுத்திப் பார்த்த பிறகுதான் ஒன்றை 'தி பெஸ்ட்' என்று எழுத வேண்டும், பார்க்காமல் எழுதினால் அது பொய். வீட்டிலும் அதே வளர்ப்புதான். எங்கள் பக்கத்தில் நன்றாக வாழ்கிறவரைக் கேட்டாலும் "ஏதோ இருக்கறமுங்க" என்றுதான் சொல்வார். உச்சத்தைச் சட்டென்று வாயால் சொல்லிவிட்டால் கண் பட்டுவிடும் என்பது எங்கள் நம்பிக்கை.

தொண்ணூறுகளின் கடைசி அது. என் கணவர், கம்ப்யூட்டர்களை இரண்டாயிரமாம் ஆண்டுக்குத் தயார் செய்யும் ஒய்டூகே வேலையில் மூழ்கிக் கிடந்தார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் எனக்கு அடிவயிற்றின் வலது பக்கம் இழுத்துப் பிடித்தது. நிமிர்ந்து நிற்க முடியவில்லை. மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு எமர்ஜென்சிக்குப் போனோம். முகப்பில் இருந்த நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "உங்கள் வாழ்க்கையிலேயே இதுதான் தி வர்ஸ்ட் பெயினா?"

நான் யோசித்தேன். கேட்டால் யோசிக்க வேண்டும் அல்லவா? கோபியில் ஒரு நர்சிங் ஹோம், சித்திரை வெயில், மின்சாரம் போய்த் தலைக்குமேல் விசிறி நின்றுவிட்டது. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை, வலி தெரியாமலிருக்கப் போடும் ஊசி மருந்து எதுவும் இல்லாமல் என் மகளைப் பெற்றேன். அதன் பக்கத்தில் இதை நிறுத்திப் பார்த்தேன். இது இரண்டாவதுதான். "நோ" என்றேன். நர்ஸ் தலையாட்டி, சுவரோரம் இருந்த நாற்காலிகளைக் காட்டினாள்.

எனக்குப் பின்னால் பந்து விளையாடிக் கணுக்கால் பிசகிய ஒருவர் நொண்டிக்கொண்டு வந்தார். அதே கேள்வி. "வர்ஸ்ட் எவர்" என்றார், கண்ணிமைக்கும் முன்னால். அவரை உள்ளே அழைத்துப் போனார்கள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்புள்ள, போய் வர்ஸ்ட்டுன்னு சொல்லித் தொலையேன். இங்க எல்லாரும் அப்படித்தான சொல்றாங்க" என்றார் கணவர்.

"பொய் சொன்னாத்தான் பாப்பாங்களாங்க?"

"உசிரு போற நேரத்துல உனக்கு இலக்கணம் கேக்குதா?"

"இலக்கணம் இல்லீங்க. என்ற வலி எத்தனைன்னு எனக்குத் தெரியாதா?"

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. நான் போய்விட்டால், ஒரு சடை பின்னத் தெரியாத மனிதரிடம் என் பிள்ளை இந்தக் குளிர் தேசத்தில் வளரும் என்று நினைத்தபோது கண் இருட்டியது. ஆனால் பயத்தைவிடக் கோபம் ஒரு படி மேலே நின்றது. உண்மையைச் சொன்னவள் சுவரோரம், வாய்க்கு வந்ததைச் சொன்னவர் உள்ளே. எழுந்தேன். மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வகுப்பில் பேசுகிற குரலிலேயே ஆங்கிலத்தில் சொன்னேன்.

"நான் ஊசி மருந்து இல்லாமல் பிள்ளை பெற்றவள். என் வாழ்க்கையில் தி வர்ஸ்ட் அதுதான். இது அதற்கு அடுத்தது. நீங்கள் கேட்டதற்கு உண்மையைச் சொன்னேன். அதற்காக என்னை உட்கார வைப்பீர்களா?"

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள். "நோ எபிட்யூரல்?"

"நத்திங். சீரகத் தண்ணீர் கொடுத்தார்கள்."

சக்கர நாற்காலியை அவளே தள்ளிக்கொண்டு வந்தாள். குடல்வால் வெடிக்கிற நிலையில் இருந்ததாம். மறுநாள் காலை அறுவை செய்த டாக்டர் வந்து, "யூ ஆர் தி டஃபஸ்ட் லேடி" என்றார். நீங்கள் பார்த்த எல்லாப் பெண்களையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சொல்கிறீர்களா என்று கேட்டேன். நான் நகைச்சுவை பேசுவதாக நினைத்து அவர் விழுந்து விழுந்து சிரித்தார். தையல் வலித்ததால் நான் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு அறிவுரை சொல்லாத தமிழர் இந்த ஊரில் இல்லை. ஆஸ்பத்திரியில் வர்ஸ்ட் என்று சொல், ஆபீசில் பெஸ்ட் என்று சொல், இங்கே அதுதான் நடைமுறை என்கிறார்கள். புதிதாக வருகிறவர்களிடமும் அதையே ஓதுகிறார்கள். நான் மாட்டேன். எதற்கெடுத்தாலும் உச்சத்தை எடுத்து வீசினால், நிஜமான உச்சம் வந்து நிற்கும்போது கையில் என்ன மிஞ்சும்? கேட்கிறவர் இன்னொரு கேள்வியும் சேர்த்துக் கேட்கட்டும், எதோடு ஒப்பிடுகிறாய் என்று. நானும் சேர்த்தே சொல்கிறேன், யாரும் கேட்காவிட்டாலும்.

வீடு திரும்பிய மறுவாரம், காலைச் சாப்பாட்டு மேஜையில் என் மகள் ஆங்கிலத்தில் கேட்டாள், என் வர்ஸ்ட் பெயின் எது என்று.

"நீ பொறந்ததுதான் கண்ணு."

"ஸோ ஐ ஆம் தி வர்ஸ்ட்?"

"ஆமா. எல்லாத்தையும் நிறுத்திப் பாத்துட்டேன். உனக்கு மேல எதுவுமே இல்லை."

அவள் அதைப் பள்ளியில் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். டீச்சர் கவலையோடு போன் செய்தார். மனதாரச் சொன்ன வார்த்தைதான், திரும்பப் பெற மாட்டேன் என்றேன். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

என் வயிற்றின் வலது பக்கம் இப்போது ஒரு தழும்பு இருக்கிறது. நியூ ஜெர்சி எனக்குக் கொடுத்த வலிக்கு இரண்டாம் இடம், அதற்குமேல் நான் தருவதாக இல்லை. முதலிடம் கோபியில், அந்த நின்றுபோன விசிறிக்கு அடியில்தான் இன்னும் இருக்கிறது. அங்கே நான் பெற்ற அந்த வலி இங்கே என் எதிரில் உட்கார்ந்து, கார்ன்ஃப்ளேக்ஸில் பால் ஊற்றிக்கொண்டு, நான் தமிழில் கேட்பதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறது.