பச்சை உதட்டோடு ஒரு வணக்கம்

தேசியத் தொலைக்காட்சி நிலையத்தின் ஒப்பனை அறையில் அவளை எல்லோரும் ‘மையக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். நாட்டுக்கே அந்த ஒரு அலைவரிசைதான். வானிலையும் தேர்தல் முடிவும் பாட்டும் பாடமும் அதில்தான். அதில் வந்த முகமெல்லாம் அவள் கை பட்ட முகம். கறுப்பு வெள்ளைக் கேமராவில் சிவப்பு செத்துப்போகும், பச்சைதான் எடுப்பாக விழும். அமைச்சரானாலும் பாடகியானாலும் அவளிடமிருந்து பச்சை உதட்டோடுதான் எழுந்து போனார்கள்.

“நாட்டுக்கே பாசி பிடிக்க வைக்கிறா என் பொண்டாட்டி” என்பான் கணவன்.

அன்று மாலை முதன்முறையாக வண்ணத்தில் செய்தி. வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீடுகளிலெல்லாம் தெருவே கூடியிருந்தது. இயக்குநர் காலையிலேயே சொல்லிவிட்டார்: “முகம் சொதப்புச்சுன்னா நாளைக்கு உன் இடத்துக்கு வெளியாள் வரும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதம்மா.”

ஒத்திகைகளில் கவனமாகச் சிவப்பைத்தான் எடுத்தாள். ஆனால் இன்று செய்தி வாசிப்பவள் மழையில் நனைந்து, தாமதமாக ஓடி வந்தாள்.

“சீக்கிரம்க்கா! கை காலெல்லாம் உதறுது.”

“உதறட்டும். உதட்டை மட்டும் ஆட்டாதே.”

கை பழைய பச்சை மைப் பெட்டிக்குத் தானாகப் போனது. இருவரும் கண்ணாடியைப் பார்த்தார்கள். லட்சணமாகத்தான் இருந்தது. இத்தனை வருடம் பார்த்துப் பழகிய முகமாயிற்றே!

இசை முழங்கியது. கட்டுப்பாட்டு அறையின் புதுத் திரையில் பச்சை உதடு திறந்து “வணக்கம்” என்றது. இயக்குநரின் பின்னால் நின்ற மையக்கா தன் பச்சை விரல்களைப் பார்த்தாள்.

“என்னம்மா இது, கிளியா?” இயக்குநர் அலறினார். “அணைக்கட்டுப் படத்தைப் போடு! போடு!”

திரையில் தண்ணீர் பாய்ந்தது. இவளும் பாய்ந்தாள். செருப்பை உதறிவிட்டு, கேபிள்களைத் தாண்டி, மேசைக்கடியில் தவழ்ந்து, வாசிப்பவளின் முன்னால் முளைத்தாள். துணியால் ஒரே இழுப்பு.

“எரியுதுக்கா!”

“எரியட்டும், வாயை மூடு!”

சிவப்பை விரலாலேயே தீட்டினாள். “குனிங்க, குனிங்க!” என்று கேமராக்காரர் கையை வீசினார். அதற்குள் அணை முடிந்துவிட்டது.

நாடு பார்த்தது: செக்கச்செவேலென்று ஓர் உதடு. அதன் ஓரத்தைக் கடைசியாக ஒருமுறை சரிசெய்துவிட்டு மேசைக்கடியில் மெல்ல மறைந்தது, பச்சையும் சிவப்பும் அப்பிய ஒரு கை.

செய்தி முடியும்வரை அவள் அங்கேயே மூச்சை அடக்கிக் குந்தியிருந்தாள். வேலை போனது போனதுதான். விளக்குகள் அணைந்ததும் இயக்குநரின் முகம் மேசைக்கடியில் எட்டிப் பார்த்தது.

“போன் ஓயலைம்மா. யார் கை அதுன்னு ஊரே ரசிச்சுக் கேக்குது. வெளியாள் வேணாம்னு சொல்லிட்டேன். எவ வந்து இப்படித் தவழுவா?”

“முதல்ல என்னை இழுங்க சார்” என்றாள் மையக்கா. “காலு மரத்துப்போச்சு.”