இருக்கறனுங்க

பழனியாத்தாள் பெரிய தட்டச்சாளர் அல்ல. வேகம் சுமார். லகர ளகரக் குழப்பம் கடைசிவரை தீரவில்லை. ஆனால் தமிழ்த் தட்டச்சில் ஹையர் தேர்வு தேறியவர், ஒரு நூற்பாலை அலுவலகத்தில் பதினைந்து ஆண்டுகள் கடிதம் அடித்தவர். ஆலை மூடியபின் கோவை ஆர்.எஸ்.புரத்தில் வேங்கடசாமி நடத்திய டி.டி.பி. சென்டரில் சேர்ந்தார். கணவர் காளிச்சாமிக்கும் அதே ஆலையில்தான் வேலை போயிருந்தது. ஆகவே வீட்டில் சம்பளம் என்பது இவருடைய நாற்காலிதான்.

அவர் வேலை செய்யும் முறை ஒன்று உண்டு. ஒரு பத்தியை முழுதாகப் படித்துப் புரிந்துகொள்ளும்வரை கைகள் மடியில் கிடக்கும். புரிந்ததும் அடிப்பார். அடிக்கும்போது கண் கையெழுத்துப் பிரதியை விட்டு நகராது. திரையை அவர் பார்ப்பதே இல்லை. தட்டச்சுப் பள்ளியில் அப்படித்தான் பழக்கினார்கள்.

இன்னொரு பழக்கம், யார் எது கேட்டாலும் பதில் சொல்லிவிடுவது. பேருந்தில் நடத்துநர் பொதுவாக "உள்ள போங்க" என்று கத்தினால் பழனியாத்தாள் மட்டும் "போறனுங்க" என்பார்.

1996இல் சென்டரில் வேலை குறைந்தது. அங்கே தட்டச்சு செய்தவர்கள் இருவர்: பழனியாத்தாள், ரவிக்குமார். தீபாவளிக்குப் பிறகு ஒருவர் போதும் என்று வேங்கடசாமி முடிவு செய்தார். யார் என்று முடிவு செய்யவில்லை. பஞ்சு வியாபாரக் குடும்பத்தில் பிறந்தும், எவரிடமும் கடுமையாக ஒரு சொல் சொல்ல வராத மனிதர் அவர். அந்தச் சொல்லை இயந்திரம் சொல்லிவிட்டால் நல்லது என்று நினைத்தார்.

அவருடைய அக்கா மகன் ரவிதேஜா கம்ப்யூட்டர் படித்துவிட்டு, தமிழில் அடிப்பதற்குச் சொந்தமாக ஒரு எடிட்டர் எழுதியிருந்தான். அதில் புதிதாக நேரக் கணக்கைச் சேர்த்தான். ஒரு கோப்பைத் திறந்தால் கடிகாரம் ஓடும். இரண்டு நிமிடம் எந்தச் சாவியும் தொடப்படவில்லை என்றால் ஆள் இல்லை என்று எடுத்துக்கொண்டு நின்றுவிடும். சும்மா இருப்பதைப் பற்றி இந்த மொழியில் நிறையப் பேர் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு நிமிடம் என்று அளவு வைத்தவன் ரவிதேஜா ஒருவன்தான்.

வேங்கடசாமிக்கு ஒரு குறை இருந்தது.

"ஏன்டா, ஒருத்தரை இல்லைன்னு எழுதறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?"

"மிசினு எப்படி மாமா கேக்கும்?"

"நீ எழுதிப் போடு, அது கேக்கட்டும்."

ஆகவே கடிகாரம் நிற்பதற்கு முன் 'பீப்' என்று ஒரு சத்தமும், திரையில் ஒரு பெட்டியும் வந்தன. பெட்டியில் "ஏனுங்க, இருக்கீங்களா?" என்று இருக்கும்; முதல் நாளே பழனியாத்தாள் அதைப் படித்துக்கொண்டார். ஏதாவது ஒரு சாவியைத் தொட்டால் பெட்டி மறைந்து, கடிகாரம் தொடரும்.

முதல் மாதக் கணக்கில் பழனியாத்தாள் வேலை செய்தது ரவிக்குமாரின் நேரத்தில் பாதிதான் என்று வந்தது. ரவிக்குமார் யோசிக்கும்போதும், தேநீர் குடிக்கும்போதும், கிரிக்கெட் பேசும்போதும் அம்புக்குறிச் சாவியை ஒரு விரலால் தட்டிக்கொண்டிருப்பவன். அவன் மேசையிலேயே சாப்பிட்டதுகூட வேலையில் சேர்ந்திருந்தது.

வேங்கடசாமி பழனியாத்தாளைக் கூப்பிட்டார். ரவிதேஜாவும் உடனிருந்தான்.

"என்னங்கம்மணி, மிசின் கேட்டுக்கிட்டே இருக்குதாமா. நீங்க பேசவே மாட்டேங்கறீங்களாமா?"

"நான் சொல்லீட்டுத்தானுங்க மொதலாளி இருக்கறேன்."

"யாருகிட்டங்க?"

"அதுகிட்டத்தானுங்க. அது பீப்புங்கறப்பெல்லாம் 'இருக்கறனுங்க, இருக்கறனுங்க'ன்னு சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டையே வறண்டுபோச்சுங்க."

ரவிதேஜா சிரிப்பை அடக்கிக்கொண்டான். "அக்கா, வாய்ல சொன்னா அதுக்குக் கேக்காதுங்க. கீயைத் தொடோணும்."

"எந்தக் கீயிங்க?"

"ஏதாச்சும் ஒண்ணுங்க. ஒத்தை எழுத்துப் போதும்."

பழனியாத்தாள் சற்று யோசித்தார். "கேக்கறது அத்தனை மரியாதையாக் கேக்குது. ஒத்தை எழுத்துல பதில் சொன்னா நல்லா இருக்குமுங்களா?"

தீபாவளி வரை பார்க்கலாம் என்று வேங்கடசாமி சொன்னார். என்ன பார்ப்பார் என்பது பழனியாத்தாளுக்குத் தெரியும். அன்று முதல் பீப் ஒலிக்கும்போதெல்லாம் கண்ணைப் பிரதியில் வைத்துக்கொண்டே முழுதாக அடித்தார்: இருக்கறனுங்க. அவருடைய நேரம் ஏறத் தொடங்கியது.

அப்போது அவரிடம் இருந்தது உடுமலைப்பேட்டைத் தேங்காய் மண்டிக்காரர் அய்யாசாமியின் நினைவு மலர். எழுதியவர் கையெழுத்து கொடி படர்ந்ததுபோல் இருந்தது. ஒவ்வொரு பத்திக்கு முன்னும் பழனியாத்தாள் நெடுநேரம் உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தது. பீப் நிறைய ஒலித்தது.

பிழை பார்க்க மெய்ப்புத் தாள்கள் உடுமலைக்குப் போயின. மறுவாரமே அய்யாசாமியின் மகன் மருதாசலம் நேரில் வந்து, தாள்களை வேங்கடசாமியின் மேசையில் போட்டார்.

"படிச்சுப் பாருங்க."

வேங்கடசாமி படித்தார். "ஐயா அவர்கள் இன்று நம்மிடையே இல்லை. இருக்கறனுங்க." அடுத்த பக்கத்தைப் புரட்டினார். "மண்டியில் அவர் அமர்ந்த இடம் இனி வெறுமையாகவே இருக்கும். இருக்கறனுங்க."

"பூரா மலருலயும் எங்கய்யன் பேசிக்கிட்டே இருக்கறாருங்க," என்றார் மருதாசலம். "உசுரோட இருந்தப்பக்கூட இத்தனை பேசுனவரில்லைங்க."

வேங்கடசாமி உள்ளறைப் பக்கம் பார்த்தார். பழனியாத்தாள் எழுந்து நின்றிருந்தார். என்ன நடந்தது என்பது அவருக்கு இப்போதுதான் புரிந்திருந்தது. பெட்டி முதல் எழுத்திலேயே மறைந்துவிட்டது. அந்த எழுத்தும் அதற்குப் பின்வந்த எழுத்துகளும் மலருக்குள் போயிருந்தன.

"தப்பு எம்மேலதானுங்க," என்றார். நாற்காலியை மேசைக்கு உள்ளே தள்ளி வைத்தார்.

"இருங்க," என்றார் மருதாசலம், அதே கோபத்தோடு. "நான் இன்னும் முடிக்கலீங்க. இதை எங்கம்மாவுக்குப் படிச்சுக் காட்டுனனுங்க. அய்யன் போனதுல இருந்து மூலைல உக்காந்திருந்தவங்க, இதைக் கேட்டுச் சிரிச்சுப்போட்டாங்க. வாசல்ல ஆளு வந்து கூப்பிட்டா அவரு உள்ள இருந்து இப்படித்தான் சொல்லுவாராமா. மொதல் பக்கத்துல இருக்கறதை மட்டும் எடுக்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்பியிருக்கறாங்க. மத்ததையெல்லாம் எடுத்துப்போடுங்க."

அவர் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. யாரும் அப்படி எடுத்துக்கொள்ளவும் இல்லை. பழனியாத்தாள் நாற்காலியை மீண்டும் வெளியே இழுத்து உட்கார்ந்து, மற்றவற்றை நீக்கத் தொடங்கினார்.

ரவிதேஜா அன்றே எடிட்டரைத் திருத்தினான். பெட்டியை மறைக்கும் சாவி இனி கோப்புக்குள் போகாது என்று பழனியாத்தாளிடமும் சொன்னான். அடுத்து வந்த திருமண அழைப்பிதழின் மெய்ப்பில், மணமகன் பெயருக்குக் கீழே "ருக்கறனுங்க" என்று இருந்தது.

வேங்கடசாமி அதை இருமுறை படித்தார். கேள்வியை எடுத்துவிடச் சொன்னார். கேட்காமல் ஒருவரை இல்லை என்று எழுதுவது அவருக்குச் சரிப்படவில்லை என்பதால் கணக்கையும் எடுத்துவிடச் சொன்னார். கணக்கு இல்லாமல் யாரைப் போகச் சொல்வது? தீபாவளி வந்து போனது. இனிப்புப் பெட்டி இருவருக்கும் கொடுத்தார். வேறு எதுவும் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கணக்கு நின்றதை ரவிக்குமாரிடம் யாரும் சொல்லாததால், அவன் தட்டிக்கொண்டே இருந்தான்.

சில நாள் கழித்துப் பழனியாத்தாள் ரவிதேஜாவைத் தனியாகக் கேட்டார்.

"ஏங்கண்ணு, மிசின் இப்பெல்லாம் ஒண்ணுமே கேக்கறதில்லையே. என்ற மேல ஏதாச்சும் கோவமா?"

"அதெல்லாம் இல்லைங்கக்கா. நீங்க இருக்கறது அதுக்குத் தெரிஞ்சுபோச்சுங்க."

"அப்பச் சரி," என்றார் பழனியாத்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு அடுத்த பத்தியைப் படிக்க ஆரம்பித்தார்.