கூட வந்த ஆள்

காலையில் சிதம்பரத்து ஆஸ்பத்திரியிலிருந்து போன். “ரிசல்ட் வந்துருச்சு மேடம். நாளைக்கு வரும்போது வீட்லேர்ந்து யாரையாவது கூட்டிட்டு வாங்க.” என் நாக்கின் ஓரத்தில் இருக்கும் கட்டியிலிருந்து போன வாரம் துளி சதை எடுத்திருந்தார்கள். முப்பத்து நாலு வருடம் அரசாங்கக் கோப்புகளை நகர்த்தியவளுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. நல்ல செய்திக்கு யாரும் கூட ஆள் கேட்பதில்லை.

இந்த நடைமுறையை நான் முதலில் பார்த்தது பத்து வயதில். அது நடைமுறை என்று அப்போது தெரியாது.

அம்மாவின் தம்பி, என் மாமா, கல்யாணம் ஆகாமல் சிதம்பரத்தில் எங்களோடு இருந்தார். அவர் நாக்கில் பிறவியிலேயே இரண்டு கறுப்புப் புள்ளிகள். கருநாக்கு, சொன்னால் பலித்துவிடும் என்று தெருவே பயந்தது. “பந்தல் ஆடுதே” என்று அவர் சொல்லி ஒரு கல்யாணப் பந்தல் விழுந்திருக்கிறது. கயிறு கட்டியவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொல்லும் அப்பா, புது சைக்கிள் வாங்கிய அன்று, மாமா வாயைத் திறப்பதற்குள் அதில் ஒரு லட்டைத் திணித்தார்.

அவர் சொல்லும் கெட்டது பலிக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். நல்லதும் பலிக்கும் என்று நம்பியவள் நான் ஒருத்திதான். நான் கணக்கில் பாஸாவேன் என்று அவர் சொல்லி, ஆகியிருந்தேன்.

அந்தப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு கட்டி வந்தது. பல் குத்துகிறது என்று வீட்டில் சொல்லி வைத்தார். அம்மா தினமும் கொப்பளிக்க உப்புத் தண்ணீர் கொடுத்தாள். கடலூரில் சதையைக் கிள்ளி மெட்ராஸுக்கு அனுப்பியது எங்கள் யாருக்கும் தெரியாது. இரண்டாம் முறை போகும்போது, “ஸ்கூல் லீவுதானே, இவளும் வரட்டும்” என்று என்னைக் கூட்டிப்போனார்.

“வலிக்குதா மாமா?” என்று பஸ்ஸில் கேட்டேன்.

“பேசுனா வலிக்குது. பேசாம வா.”

வழியில் ஆலப்பாக்கம் வரை பேசாமல் பொறுத்துக்கொண்டேன்.

டாக்டர் கேட்டார்: “கூட யாரு வந்திருக்கா?”

“இதோ, அக்கா பொண்ணு.”

டாக்டர் என் ரெட்டை ஜடையைப் பார்த்தார். “பெரியவங்கள இல்ல கூட்டிட்டு வரச் சொன்னேன்?”

“அஞ்சாவது படிக்கிறா சார். எல்லாம் புரியும்.”

நான் நிமிர்ந்து நின்றேன். என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். அந்த அவமானம் இன்னும் நினைவிருக்கிறது.

மாமா நாலாக மடித்த காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். பஸ் ஸ்டாண்டில் எனக்கு மட்டும் ஒரு கோலி சோடா வாங்கித் தந்தார்.

“டாக்டர் என்னா மாமா சொன்னாரு?”

“ஒண்ணுமில்லன்னுட்டாரு.”

“அவரு சொன்னா பலிக்காது. நீ சொல்லு.”

 அத்தனை கூட்டத்துக்கு நடுவில் மாமா குனிந்து நாக்கை நீட்டினார். “புள்ளி ரெண்டும் இருக்கா பாரு.”

“இருக்கு.”

“எனக்கு ஒண்ணுமில்ல.” ஒவ்வொரு சொல்லாக, வலியோடு சொன்னார்.

“அப்ப பலிச்சிரும்” என்றேன். அவர் சிரித்தார். மீதி சோடாவைக் குடித்து முடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் நானே அறிவித்தேன், மாமாவுக்கு ஒன்றுமில்லையாம் என்று. நேரில் போய் வந்தவளின் அறிக்கை, யாரும் மறுக்கவில்லை. உப்புத் தண்ணீர் தொடர்ந்தது. அம்மாவுக்கு விஷயம் தெரிந்தபோது கட்டி கழுத்துக்கு இறங்கியிருந்தது. அந்தத் தை பிறப்பதற்குள் மாமா போய்விட்டார்.

பலிக்கிற மாதிரி அவர் சரியாகச் சொல்லவில்லை என்று ரொம்ப காலம் கோபமாக இருந்தேன். வீட்டில் இத்தனை பெரியவர்கள் இருக்க என்னை ஏன் கூட்டிப்போனார் என்று கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. டாக்டர் சொல்வதைக் கேட்க மாமாவுக்கு ஆள் தேவைப்படவில்லை. தான் சொல்வதை நம்ப ஓர் ஆள் தேவைப்பட்டது.

நாளைக்கு என் பேத்திக்குப் பள்ளி விடுமுறை. மகனிடம், பல் குத்துகிறது என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.