நிரம்பிய கார்டு

சிவகாசியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அன்பரசனுக்கு எந்தக் கோளாறுக்கும் ஒரே வைத்தியம்தான்: எல்லாவற்றையும் அழித்துவிடும் ஃபார்மட். பட்டாசு ஆலையில் வேலைபார்க்கும் செல்வலட்சுமி, மெமரி கார்டு திறக்கவில்லை என்று வந்தபோதும் யோசிக்காமல் அதையே செய்தான். இறந்துபோன கணவன் பேசிய ஒரே வீடியோ அதில்தான் இருந்ததாம். "இனி ஒண்ணும் பண்ண முடியாதுக்கா" என்று அனுப்பிவிட்டான்.

அழிந்ததை மீட்டுத்தரும் இலவச மென்பொருள் ஒன்று இருப்பது போன வாரம்தான் தெரிந்தது. கார்டில் புதிதாக எதையும் ஏற்றாதவரைதான் அது பலிக்கும். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. லேப்டாப்போடு அவள் வீட்டுக்கே போனான்.

"வாங்க தம்பி. நீங்க சரிபண்ணிக் குடுத்த கார்டு நல்லா ஓடுது. பொங்கல் திருவிழாவ வீடியோ எடுத்தே கார்ட ரொப்பிட்டேன். காப்பி சாப்பிடுறீகளா?"

தோளில் கிடந்த லேப்டாப் பையை அவன் இறக்கவில்லை.

"காப்பி குடுங்கக்கா" என்றான்.