‘இல்லை’ என்றால் போகலாம்: யாங்கோனிலிருந்து பகோவுக்கு லாரியில்

பதினாறு ஆண்டுகள் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த சென்னை லாரி நிறுவனத்தை விட்டு 2009 ஜனவரியில் வெளியேறினேன். தவறுகளுக்குத் தண்டப் புள்ளி போட்டு நான் தயாரித்த பட்டியலை முதலாளி குப்பையில் போட்டார். எல்லாத் தவறும் ஒன்றல்ல என்பதுதான் அதன் சாரம். பிரேக் கசிவு, தேய்ந்த டயர், தூங்காத ஓட்டுநர் எல்லாம் மோதலில் முடிபவை, பத்துப் புள்ளி. பதிவேட்டில் கையெழுத்து விட்டுப்போனால் ஒன்று. அவருக்குக் கையெழுத்துதான் பெரிது. இன்றும் அவரை மன்னிக்கவில்லை. மனம் ஆற யாங்கோன் போனேன்.

அங்கிருந்து பகோ ஐம்பது மைல். பஸ் உண்டு, எனக்கு லாரிதான் பழக்கம். யாங்கோனின் லத்தா பகுதியில் மளிகை ஏற்றிக்கொண்டிருந்த காசிம் என்ற தமிழர் 2,000 கியாட்டுக்குச் சம்மதித்தார். காலை 6.40க்குக் கிளம்பினோம்.

இங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள். வண்டிகளோ பழைய ஜப்பான் வண்டிகள், ஸ்டியரிங்கும் வலப்பக்கம். முந்தும்போது எதிரே வருவது ஓட்டுநருக்குத் தெரியாது. இடப்பக்கம் இருப்பவர் பார்த்துச் சொல்ல வேண்டும். நம் ஊர் க்ளீனர் மாதிரி. இங்கே ‘ஸ்பேர்’ என்கிறார்கள். காசிமின் ஸ்பேர் தெய்ன், ஐம்பது வயது பர்மியர். அடிக்கடி “மஷிபூ” என்றார். நான் பொருள் கேட்கவில்லை.

மிங்கலாடோனில், காய்ச்சலில் கிடந்த மனைவியைப் பார்க்க தெய்ன் இறங்கிக்கொண்டார்.

“அண்ணே, அந்தப் பக்கம் நவுந்து குந்துங்க. ரோட்டப் பாத்துச் சொன்னாப் போதும்.”

“இதுலயே பதினாறு வருஷம் இருந்தவன் நான்.”

“அப்ப தெய்னுக்கு நெரந்தரமா லீவுதான்,” என்று காசிம் சிரித்தார்.

தணிக்கைச் சாவடியில் கிழிந்த தார்ப்பாய்க்காகப் பத்து நிமிடம் அதட்டல். இடப்பக்கம் உட்கார்ந்திருப்பது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

எட்டரைக்கு, மரம் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் ஊர்ந்தது. காசிம் என்னைப் பார்த்து முகவாயை உயர்த்தினார். எட்டிப் பார்த்தேன். எதிரே பஸ். போகாதே என்ற அர்த்தத்தில் “இல்ல, இல்ல” என்று கத்தினேன். அவர் முழு வேகத்தில் இடப்பக்கம் ஒடித்தார்.

எப்படித் திரும்பவும் மர லாரியின் பின்னால் நுழைந்தோம் என்று எனக்குத் தெரியாது. என் பக்கக் கண்ணாடியைப் பஸ் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. ஓரங்கட்டி நிறுத்தினார்.

“இல்லன்னீங்களே.”

“போகாதன்னு சொன்னேன்.”

“மஷிபூன்னா இல்ல. வண்டி இல்ல, போன்னு அர்த்தம். தெய்ன் ‘இல்ல’ன்னு சொன்னாத்தான் நான் போவேன்.” ஸ்டியரிங்கை விடாமல் கேட்டார்: “பதினாறு வருஷமா என்னண்ணே பண்ணிட்டிருந்தீங்க?”

க்ளீனர் இல்லாமல் ஓட்டுவதற்கு என் பட்டியலில் நான் போட்டிருந்தது ஒரே புள்ளி. க்ளீனரின் சொற்பச் சம்பளத்தை வைத்து ஆளை எடைபோட்டிருக்கிறேன்.

மீதி வழியில் காசிம் எதையும் முந்தவில்லை, மாட்டுவண்டியைக்கூட. பகோ சேர்ந்தபோது மணி 11.20.

இந்தப் பாதையில் வருபவர்கள் பஸ்ஸிலேயே போங்கள். லாரியில் இடப்பக்கம் உட்கார நேர்ந்தால், நிற்க என்ன சொல், போக என்ன சொல் என்று கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எங்களை உரசிப்போன அந்தப் பஸ்ஸின் ஜன்னலோரம் பச்சைச் சட்டைக்காரர் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடி உடைந்த சத்தத்துக்கும் அவர் விழிக்கவில்லை.